வீட்டுத் திண்ணையில் நடந்த வைத்தியம்: 1956ஆம் ஆண்டுச் சென்னை நமக்குக் கற்பித்த பாடம்

 

நோய் நீங்கிவிட்டதாக உடல் உணரும் நாளும், நோய் உண்மையாகவே நீங்கும் நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே சில நாட்கள் இருக்கலாம். சில நோய்களில் பல மாதங்கள் இருக்கும். மருந்தை உட்கொள்வதில் மனிதர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன. காய்ச்சல் தணிந்தது, இருமல் நின்றது, பசி எடுத்தது. இனி எதற்கு மாத்திரை என்ற எண்ணம் தலைதூக்குகிறது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய நம் வட்டாரங்களில் எந்த வீட்டின் அலமாரியைத் திறந்தாலும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் இரண்டு மூன்றேனும் கிடைக்கும். அவை ஒவ்வொன்றும் இந்த எண்ணத்தின் சாட்சிகள்.

இந்த இடைவெளியை உலகிலேயே மிகக் கவனமாக ஆராய்ந்த ஊர்களுள் ஒன்று நம் சென்னை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே ஏழை எளிய மக்களின் குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் நடந்த ஓர் ஆய்வு, உலகம் முழுவதும் காசநோய்க்கு வைத்தியம் செய்யும் முறையையே மாற்றியது. நம்மில் பலர் அறியாத அந்த வரலாற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

காற்றும் ஓய்வுமே மருந்தாக இருந்த காலம்

காசநோயை நம் முன்னோர் சயரோகம் என்றும் எலும்புருக்கி நோய் என்றும் அழைத்தார்கள். அதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் அன்று இல்லை. தூய காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே வைத்தியம். இவற்றைத் தருவதற்காக ஊருக்கு வெளியே, மரங்கள் அடர்ந்த இடங்களில் சானடோரியங்கள் எழுந்தன. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அவற்றுள் புகழ்பெற்றது. இன்றும் அந்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம் என்றே அழைக்கப்படுகிறது.

ஆனால் படுக்கைகளோ சொற்பம்; நோயாளிகளோ இலட்சக்கணக்கில். இடம் கிடைத்தாலும், குடும்பத்தைத் தாங்கும் ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு படுத்திருந்தால் அடுப்பு எப்படி எரியும்? நோய் வந்ததை வெளியே சொன்னால் பிள்ளைகளின் திருமணம் தடைபடுமே என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. ஆகவே பெரும்பாலோர் நோயை மறைத்தார்கள், மறைத்தபடியே மவுத்தானார்கள்.

1940களில் நிலைமை மாறியது. 1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அதை ஆராய்ந்த பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1948இல் தன் முடிவுகளை வெளியிட்டது. ஊசி போடப்பட்டவர்கள் முதல் சில மாதங்களில் வியக்கத்தக்க வகையில் தேறினார்கள். பின்னர் அவர்களில் பலருக்கு நோய் திரும்பியது. இம்முறை அதே ஊசி வேலை செய்யவில்லை. மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகள் பெருகி, அம்மருந்தையே செயலற்றதாக்கிவிட்டன. மருந்துக்கு அடங்காத கிருமி என்று இன்று நாம் கேள்விப்படும் ஆபத்து அன்றே முகம் காட்டிவிட்டது.

இதற்கு மருத்துவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை இன்னொரு மருந்து கொல்லும். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிருமி முற்றிலும் அழியும்வரை பல மாதங்கள் தொடர வேண்டும். பி.ஏ.எஸ். என்ற மருந்தும், 1952இல் ஐசோனியசிட் என்ற மலிவான மாத்திரையும் வந்து சேர்ந்தன. இப்போது ஒரு புதிய கேள்வி எழுந்தது. மருந்துதான் நோயைத் தீர்க்கிறது என்றால், நோயாளி மருத்துவமனையில்தான் படுத்திருக்க வேண்டுமா? வீட்டிலேயே இருந்து, வேலைக்கும் போய்க்கொண்டு மருந்தை உட்கொண்டால் போதாதா?

சென்னையில் நடந்த சோதனை

இக்கேள்விக்கு விடை காண, 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. மையத்தின் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதே மையம்தான்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 200 நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்தில் இருப்பது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் பிரித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்ஸும் நாள்தோறும், 12 மாதங்களுக்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும், செவிலியர் கவனிப்பும், சத்தான உணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை, குறைந்த உணவு, பலருக்கு அன்றாட வேலை. அவர்கள் வாரத்துக்கு ஒரு முறை மையத்துக்கு வந்து அந்த வாரத்துக்குரிய மருந்தை வாங்கிச் சென்றார்கள்.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. ஓராண்டின் முடிவில் சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றே மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. அதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த மனைவி, மக்கள் ஆகியோருக்கு அதிகமாக நோய் தொற்றியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அவ்வாறு நடக்கவில்லை. நோயாளி மருந்து உட்கொள்ளத் தொடங்கியபின், சானடோரியத்துக்குச் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட இவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. நோயைக் கண்டுபிடிப்பதற்கு முந்திய காலத்தில்தான் தொற்று பெரும்பாலும் நிகழ்ந்திருந்தது.

நோயாளியை வீட்டைவிட்டு ஒதுக்கவேண்டிய தேவையை இந்த ஆய்வு நீக்கியது. தட்டையும் பாயையும் தனியே பிரித்துவைத்து ஒரு மனிதரின் மனத்தை உடைத்த வழக்கத்துக்கு, மருத்துவத்தில் இருந்த நியாயமும் அன்றோடு போயிற்று. பணம் படைத்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே நிவாரணம் எட்டக்கூடியதாயிற்று. இந்தியா 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டமும், பல நாடுகளின் திட்டங்களும் வீட்டு வைத்தியத்தையே அடிப்படையாகக் கொண்டன.

கதவைத் தட்டியவர்கள் கண்ட உண்மை

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மருந்து நோயாளியின் கைக்குப் போனால் போதாது. வயிற்றுக்குள் போக வேண்டும்.

மையத்தினர் இதை நம்பிக்கைக்கு விட்டுவிடவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றார்கள். எஞ்சியிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். கேட்டால் 'தவறாமல் சாப்பிடுகிறேன்' என்று சொன்ன சிலரின் சிறுநீர் வேறு கதை சொன்னது. தானாக மருந்து உட்கொள்ளும் நோயாளிகள் அதை ஒழுங்காகச் செய்யாமல் போவது பரவலான சிக்கல் என்று 1958லேயே ஃபாக்ஸ் தனிக் கட்டுரை எழுதினார்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? அவர்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்கள் நிலையில் நின்று பாருங்கள். பி.ஏ.எஸ். நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்கவேண்டிய மருந்து. குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும். நோயோ இரண்டு மூன்று மாதங்களில் அடங்கியதுபோல் தோன்றும். உடல் நலமாக இருக்கிறது, மருந்துதான் வருத்துகிறது. இந்நிலையில் மருந்தை நிறுத்துவது அறிவுடைய செயலாகவே ஒரு மனிதருக்குத் தோன்றும். உடலில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை அவருக்கு விளங்கும்படி யாரும் சொல்லாதவரை அவர் அப்படித்தான் நினைப்பார்.

நம் மார்க்க நூல்களைக் கற்றோருக்கு இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். தம் சகோதரரின் வயிற்று நோயை முறையிட்டு ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தேன் புகட்டுமாறு நபியவர்கள் கூறினார்கள். அவர் திரும்பி வந்து நோய் தீரவில்லை என்றார். மீண்டும் புகட்டுமாறே கூறினார்கள். இவ்வாறு பலமுறை நடந்தபின் அந்த நோயாளி குணமடைந்தார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. இதற்கு விளக்கம் எழுதிய டமாஸ்கஸ் நகரத்து அறிஞர் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள், மீண்டும் மீண்டும் புகட்டச் சொன்னதில் நுட்பமான ஒரு மருத்துவக் கருத்து இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். மருந்துக்கு நோயின் நிலைக்கேற்ற ஓர் அளவு உண்டு. அதற்குக் குறைந்தால் நோய் முழுமையாக நீங்காது. அதை மீறினால் உடலின் வலிமை கெடும் என்பது அவர்களின் விளக்கத்தின் சாரம். அவர்கள் மறைந்தது 1350ஆம் ஆண்டில். கிருமி என்ற கருத்தே அறியப்படாத காலத்தில் எழுதப்பட்ட அந்த விளக்கம், மருந்தின் அளவையும் கால அளவையும் நாம் இஷ்டப்படி குறைக்கவோ கூட்டவோ கூடாது என்பதற்கு இன்றும் பொருந்துகிறது.

பார்த்துக் கொடுப்பதும் புரியவைப்பதும்

சிறுநீர்ச் சோதனைகள் காட்டிய உண்மையிலிருந்து சென்னை மையத்தினர் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். நாள்தோறும் ஒருவரைக் கண்காணிப்பது கடினம். வாரம் இருமுறை முடியும். ஆகவே வாரத்துக்கு இருமுறை நோயாளியை வரவழைத்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் கூடுதல் அளவு ஐசோனியசிட்டையும் பணியாளரின் கண்முன்னே கொடுத்துப் பார்த்தார்கள். 1964இல் வெளியான அந்த ஆய்வு, நாள்தோறும் வீட்டில் தாமாக உட்கொண்டவர்களைவிட இவர்கள் பின்தங்கவில்லை என்று காட்டியது. கண்முன்னே மருந்து கொடுக்கும் இம்முறையே வளர்ந்து, 1990களில் உலக சுகாதார நிறுவனம் டாட்ஸ் என்ற பெயரில் பரப்பிய திட்டத்தின் ஒரு தூணாயிற்று.

அப்படியானால் கண்காணிப்பு மட்டும் போதுமா? இதற்கு விடை நமக்கு மிக அருகிலேயே கிடைத்தது. 1999இல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் டாட்ஸ் முறை தொடங்கப்பட்டது. அப்போது அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் இதே மாவட்டத்தில்தான் இருந்தன. 2000ஆம் ஆண்டில் அங்கே வைத்தியத்துக்குப் பதிவு செய்யப்பட்ட 676 நோயாளிகளைச் சென்னை மையத்தின் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். மருந்து இலவசம், கண்முன்னே கொடுக்கவும் ஆள் உண்டு. இருந்தும் ஒரு பகுதியினர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். ஆண்கள், குடிப்பழக்கம் உடையவர்கள், முன்பே ஒருமுறை வைத்தியம் பெற்றவர்கள், தொடக்கத்திலேயே ஒழுங்கின்றி வந்தவர்கள் ஆகியோர் அதிகமாக விட்டார்கள். இன்னொரு பிரிவினரும் அப்பட்டியலில் இருந்தார்கள்: நோயுற்றுத் தாமாக மருத்துவமனைக்கு வராமல், வீடுவீடாக நடந்த கணக்கெடுப்பில் நோயாளி என்று கண்டறியப்பட்டவர்கள்.

இந்தக் கடைசிப் பிரிவினரைப் பற்றிச் சற்றே சிந்தியுங்கள். தமக்கு நோய் இருப்பதாகப் பெரிதாக உணராதவர்கள் அவர்கள். வேறொருவர் வந்து 'உங்களுக்கு நோய்' என்று சொன்னார். உணராத நோய்க்கு ஆறு மாதங்கள் மாத்திரை விழுங்க எந்த மனிதருக்கும் காரணம் விளங்க வேண்டும். எதற்காக இம்மருந்து, எத்தனை நாள், நிறுத்தினால் என்ன ஆகும் என்ற மூன்றும் மனத்தில் பதியாதபோது, எதிரே நிற்கும் பணியாளரால் ஒரு நாள் விழுங்கவைக்க முடியும். மறுநாள் அவரை வரவழைக்க முடியாது.

விளக்கம் இல்லாமையால் மருந்து நிற்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு, காசநோய்க்கு இன்று தரப்படும் ரிஃபாம்பிசின். அதை உட்கொண்டால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். வியர்வையும் கண்ணீரும்கூடச் சில நேரம் நிறம் மாறும். இதனால் தீங்கில்லை. முன்கூட்டியே சொல்லப்படாத நோயாளியோ இரத்தம் போகிறது என்று அஞ்சி மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவார். தொழுகையாளிகளுக்கு இதில் வேறொரு ஐயமும் எழும். மனிதனின் வியர்வையும் கண்ணீரும் தூய்மையானவையே; மருந்தினால் நிறம் மாறியதால் அவை பட்ட ஆடையில் தொழத் தடையில்லை. அதே வேளையில், கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்தறிவதுதான் மருந்தைப் பற்றிய அறிவு. மேலும், ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் ஆற்றலையும் கருத்தடை மாத்திரைகளின் ஆற்றலையும் குறைக்கும். ஆகவே தாம் உட்கொள்ளும் மற்ற மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் சொல்வது கட்டாயமாகும்.

பாதியில் நிறுத்துவோர் யாருக்குக் கேடு செய்கிறார்?

மருந்தைப் பாதியில் விடுவது என் உடல், என் விருப்பம் என்று சொல்லிவிட முடியாத விஷயம். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி வலுப்பெறுகிறது. அது இருமலில் வெளியேறி, மனைவியின், குழந்தையின், ஷேர் ஆட்டோவில் அருகே அமர்ந்தவரின் மூச்சில் நுழைகிறது. மருந்தை ஒருநாளும் தவறவிடாத அந்த அப்பாவிக்கு, தொடக்கத்திலேயே மருந்துக்கு அடங்காத நோய் வாய்க்கிறது. சாதாரணக் காசநோய் ஆறு மாதங்களில் தீரும். அடங்காத நோய்க்கு இரண்டாண்டுகள் வரையும் வைத்தியம் நீண்டது உண்டு. அண்மைக் காலப் புதிய மருந்துகள்தாம் அக்காலத்தைக் குறைத்துள்ளன. உடல் அல்லாஹ் நமக்கு ஒப்படைத்த அமானிதம். அண்டை வீட்டாரின் நலமோ நம்மீதுள்ள ஹக்கு. மாத்திரையைத் தவறாமல் விழுங்குவதில் இரண்டும் அடங்கியிருக்கின்றன.

காசநோய்க்குச் சொன்னது மற்ற மருந்துகளுக்கும் பொருந்தும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உணர்வில் தெரியாமல் உறுப்புகளைக் கெடுப்பவை. 'இப்போது நார்மலாக இருக்கிறது' என்று மாத்திரையை நிறுத்துகிறோம். மாத்திரை உட்கொண்டதால்தான் நார்மலாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். ஒருவருக்கு எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கில் மிஞ்சியதை, அதே அறிகுறி என்று எண்ணி இன்னொருவருக்குக் கொடுக்கிறோம். பெயரும் காலாவதித் தேதியும் தெரியாத 'செட் மாத்திரை'யை மெடிக்கலில் வாங்கி விழுங்குகிறோம். வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் அத்தரோடும் பேரீச்சம்பழத்தோடும் வரும் மாத்திரைகளைத் தெருவெங்கும் பகிர்கிறோம். குழந்தையின் மருந்தை, மூடியோடு தந்த அளவுக் குப்பி இருக்க, சமையலறைக் கரண்டியால் அளக்கிறோம்.

இத்தகைய பழக்கங்களைத் தடுக்கவே அரசு 2014 மார்ச் முதல் 'எச் 1' என்ற அட்டவணையை நடைமுறைப்படுத்தியது. காசநோய் மருந்துகளும் வலிமைமிக்க பல ஆன்டிபயாடிக்குகளும் அதில் உள்ளன. மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்கக்கூடாது. விற்றால் வாங்கியவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து என்று பொருள். எழுத்தறியாத பாட்டியும் அறியக்கூடிய அடையாளம் அது. நம் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாம்.

நம் வீடுகளில் செய்யவேண்டியவை

சென்னை ஆய்வு வீட்டையே மருத்துவமனையாக்கியது. அப்படியானால் வீட்டாரே செவிலியர்கள். மருத்துவரின் அறையைவிட்டு வெளியேறுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இம்மருந்து எதற்காக? எப்போது, உணவுக்கு முன்னா பின்னா? எத்தனை நாள்? என்ன நேர்ந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? கேட்பது மரியாதைக் குறைவாகாது. வயது முதிர்ந்த அத்தா, அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தால், காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் பிள்ளைகளே தனித்தனியாகப் பிரித்துவையுங்கள். கம்பெனியில் ஷிஃப்ட் மாறும் சகோதரர்கள், மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரமலான் வரும்போது தனிக் கவனம் தேவை. நோயாளிகளுக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையை அல்லாஹ் தன் வேதத்தில் அளித்திருக்கிறான். ஸஹரிலும் இஃப்தாரிலும் மருந்தை மாற்றி உட்கொள்ள முடியுமா, நோன்பு நோற்கலாமா என்பதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக இன்சுலினை நிறுத்துவதும், மூன்று வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்குவதும் இபாதத் ஆகாது. இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கட்டுப்படுவதே.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; பரிசோதனையும் மருந்தும் இலவசம். வைத்தியம் பெறுவோரின் சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. அதைப் பெற வெட்கப்பட வேண்டியதில்லை. மஹல்லாவில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால், அவரைப் பற்றிப் பேசுவதை விட்டு அவரோடு பேசுங்கள். 'இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா பாய்?' என்று அன்போடு கேட்கும் ஒருவர் ஒவ்வொரு நோயாளிக்கும் வேண்டும். முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டிய பணியாளரால் மாத்திரையை எண்ணத்தான் முடிந்தது. அதன் காரணத்தை மனத்தில் பதியவைக்க உடன் வாழும் நம்மால் முடியும்.

எல்லா நோய்க்கும் நிவாரணத்தை இறக்கியருளிய அல்லாஹ், அந்த நிவாரணத்தை முறையோடு பயன்படுத்தும் அறிவையும், நாட்கள் நிறைவுறும்வரை பொறுத்திருக்கும் ஸப்ரையும் நமக்குத் தந்தருள்வானாக. நோயுற்றிருக்கும் நம் சகோதர, சகோதரிகள் அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.